ஒரு வாளிக் காற்று

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் போகும் பேருந்தில் வழக்கமாகச் செல்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் குடிகாடு வந்துவிட்டதைச் சொல்லிவிடுவார்கள். மூக்கு போதும். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் நகப்பூச்சு, இன்னொரு நாள் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் கண்ணாடியை இழுத்து மூடுவார். சிப்காட் தாண்டியதும் திறந்துகொள்வார். பயணிக்கு அது சில நிமிடச் சங்கடம். அதே சாலையோரம் ஈச்சங்காட்டிலும் செம்மாங்குப்பத்திலும் சங்கொலிக்குப்பத்திலும் குடியிருப்பவர்கள் எங்கே இறங்கிப் போவது?

2004ஆம் ஆண்டில் இந்த ஊர்க்காரர்களில் சிலர் பிளாஸ்டிக் வாளியும் கையுமாக ஆலைச் சுவர்களை ஒட்டி நடமாடத் தொடங்கினார்கள். அவர்கள் மொள்ளப் போனது காற்றை.

அந்த வாளியின் கதை கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறது. 1980களில் உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பலவகை ரசாயனம் என்று ஆலைகள் வந்தன. வேலை வரும் என்றார்கள். சிலருக்கு வந்தது. வாடையோ எல்லோருக்கும் வந்தது. கிணற்று நீர் நிறம் மாறியது. உப்பனாற்றில் வலை வீசியவர்களுக்கு மீன் குறைந்தது. புகார் கொடுத்தால் அதிகாரி வருவார். ஆனால் வாடை அடித்தது நேற்று ராத்திரி, அதிகாரி வருவது இன்று மத்தியானம். வந்து நின்று முகர்ந்து பார்த்தால் கடற்காற்றுதான் இருக்கும். வாடைக்குச் சாட்சி கிடையாது. ஊரார் மூக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எந்தச் சட்டமும் இல்லை.

கலிபோர்னியாவில் ரோடியோ என்ற ஊர்க்காரர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆலையிலிருந்து கசிந்த நச்சு பற்றி விசாரிக்கப்போன வழக்கறிஞர் எட் மேஸ்ரிக்கே உடம்பு சரியில்லாமல் போனது. அதிகாரிகளைக் கேட்டால் கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள். கோபம் வந்த மேஸ்ரி, யாரும் கையாளக்கூடிய மலிவான காற்று மாதிரிக் கருவி ஒன்றைச் செய்துதரச் சொல்லி ஒரு பொறியாளரை அமர்த்தினார். 1995இல் பிறந்தது வாளி. (ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த 'எரின் பிரோக்கோவிச்' படத்தில் வரும் முன்கோபக்கார வக்கீல் இவரேதான்.)

கருவி நம் நெஞ்சுக்கூடு வேலை செய்கிற மாதிரிதான். மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு வாளி, கிட்டத்தட்ட இருபது லிட்டர் கொள்ளளவு. உள்ளே டெட்லர் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன பை. ரசாயனத்தோடு அது அவ்வளவாக ஒட்டாது, உறவாடாது. பையின் வாய் மட்டும் ஒரு குழாய் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன மோட்டாரை வைத்து வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்ப வெளிக்காற்று பைக்குள் பாய்கிறது. நெஞ்சு விரிந்தால் நுரையீரல் நிரம்புவதைப்போல. வாடை அடிக்கும் அந்த நேரத்திலேயே சில நிமிடங்களில் பை நிறைந்துவிடும். பிறகு வாயை அடைத்து, இடம், மணி, காற்றடிக்கும் திசை எல்லாவற்றையும் எழுதி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வாளி மலிவு, ஆய்வுக்கூடம் மலிவல்ல. கடலூர்ப் பைகள் விமானமேறி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின.

இந்த வேலையைச் செய்தவர்கள் சிப்காட் பகுதிச் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள். வாளியைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: மூக்கைப் பழக்குவது. 'நாத்தம் தாங்கல' என்பது புகார். 'இத்தனை மணிக்கு, தெற்கேயிருந்து காற்று, அழுகிய முட்டைகோஸ் வாடை, கண் எரிச்சல்' என்பது தகவல். எந்த ஆலைப் பக்கம் எந்த வாடை என்று ஊருக்குள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். அது தாளில் ஏறியதுதான் புதிது.

2004 செப்டம்பரில் முடிவுகள் வெளியாயின. பைகளில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று ஒப்பிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகோலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. காரணம், அப்போது இந்தியாவின் தேசியக் காற்றுத் தர அளவீட்டில் தூசு, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, ஈயம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்கள்தான் இருந்தன. பென்சீனுக்குக்கூட வரம்பு இல்லை. 2009 நவம்பரில் பட்டியல் பன்னிரண்டாக விரிந்தபோதுதான் பென்சீன் இடம்பெற்றது. குடிகாட்டுக்காரர் முகர்ந்தவற்றில் பெரும்பாலானவை இன்றும் அந்தப் பன்னிரண்டில் இல்லை.

வாளிக்குப் பிறகு பெரிய கருவிகள் வந்தன. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி, இந்தப் பகுதியில் ஆய்வு செய்தது. சிப்காட் பகுதிவாசிகளுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்ற அதன் கணக்கு நாளிதழ்களில் வந்து ஊரைக் கலக்கியது. அந்த எண்ணைப் பலர் தவறாகப் படித்தார்கள். காற்றில் உள்ள நச்சின் அளவை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து அது. மருத்துவமனையில் எண்ணிப் பார்த்த நோயாளிகள் கணக்கல்ல. அதற்காக அது அற்பமான எண்ணும் அல்ல. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் மையங்களுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூர் 77.45 எடுத்தது. இது கூடக்கூடக் கெடுதியான மதிப்பெண். 70ஐத் தாண்டினால் 'கடுமையாக மாசுபட்ட பகுதி'. தமிழ்நாட்டில் வேலூர், மணலி, கோவை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2010 ஜனவரியில் இத்தகைய 43 இடங்களில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் மத்திய அரசு தற்காலிகத் தடை போட்டது.

தொழில்நுட்பம் உண்டாக்கிய கேட்டைத் தொழில்நுட்பமே தீர்க்குமா என்ற கேள்விக்குக் கடலூர் தரும் முதல் பதில் இதுதான்: தீர்ப்பது இருக்கட்டும், முதலில் காட்டிக்கொடுக்கும். வாளி எந்தப் புகையையும் நிறுத்தவில்லை. ஆனால் 'வாடையா, எங்கே?' என்று கேட்க முடியாதபடி செய்தது. அதற்கு மேல் அதனால் போக முடியாததற்குக் காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஆலையில் மாதிரி எடுக்கும் அதிகாரம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதன் அதிகாரிகளுக்கும்தான். அந்த முறைப்படி எடுக்காத மாதிரி நீதிமன்றத்தில் சான்றாகாது. ஊரார் வாளி நாளிதழில் சாட்சி சொல்லலாம், வழக்கில் சொல்ல முடியாது.

பிறகு வந்தது இணையம். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, எண்களை நேரடியாக வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் புகைபோக்கியில் உட்கார்ந்திருக்கும் கருவிக்குப் புகைபோக்கி மட்டும்தான் தெரியும். வால்வுக் கசிவும் திறந்த தொட்டியிலிருந்து எழும் ஆவியும் டிரம்மிலிருந்து சிந்துவதும் அதன் பார்வைக்கு வெளியே. ஊருக்குள் அடிக்கும் வாடை இவற்றிலிருந்தும் வருகிறது. 2021 மே 13 அன்று சிப்காட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் வெடித்த விபத்து நான்கு பேரைக் கொன்றது. அதையும் புகைபோக்கிக் கருவி முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பாதுகாப்பு என்பது பராமரிப்பு, பயிற்சி, ஆள்பலம். சென்சார் அவற்றுக்கு மாற்று ஆகாது.

கழிவுநீருக்குக் கண்ட தீர்வு இதைவிடச் சுவாரசியமானது. முன்பு உப்பனாற்றில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீரைச் சேர்த்து, குழாய் வழியே கொண்டுபோய், ராசாப்பேட்டைக் கரைக்கு அப்பால் கடலுக்குள் விடும் பொது ஏற்பாட்டை ஆலைகள் செய்துகொண்டன. சுத்திகரித்த பிறகே விட வேண்டும் என்பது விதி. ஆற்றுக்கு அது நிம்மதிதான், மறுப்பதற்கில்லை. கடலில் தொழில் செய்பவரின் கேள்வி வேறு: ஆற்றுக்கு ஆகாதது கடலுக்கு மட்டும் ஆகுமா? இந்த வேடிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. 1952இல் லண்டனை மூச்சுத்திணற வைத்த புகைமூட்டத்துக்குப் பிறகு பிரிட்டன் மின்நிலையங்களுக்கு மிக உயரமான புகைபோக்கிகளைக் கட்டியது. தரைமட்டக் காற்று தெளிந்தது. கந்தகம் காற்றேறிப்போய் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழையாகப் பெய்தது. பொறியாளர் கணக்கில் தீர்ந்த பிரச்சினை, மீனவர் கணக்கில் இடம் மாறியிருந்தது.

இப்போது பேருந்தை விட்டு மேற்கே திரும்பினால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது கருப்பாக ஒன்று மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) அமைந்தது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். வெட்டப் போனவர்களுக்குத் தண்ணீர் பெரிய தடையாக இருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர், மேல்நோக்கிப் பலத்த அழுத்தம் கொடுக்கும் ஊற்று நீர். மேலேயுள்ள மண்ணை அகற்றினால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக மோட்டார் ஓட்டி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும்.

பொறியியலாகப் பார்த்தால் இது அசாத்தியமான சாதனை. ஆனால் கடலூர் மாவட்டத்தில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே நீர் பீறிட்ட ஊர்கள் இருந்தன. இன்று அங்கெல்லாம் நீர்மூழ்கி மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்பதுதான் பேச்சு. சுரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விவசாயக் கிணறுகளும் பெருகின, ஆலைகளும் உறிஞ்சின. ஆனாலும் இந்தச் சுழற்சியைக் கவனிக்க வேண்டும்: நீரை இறைத்து நிலக்கரி எடுக்கிறார்கள், நிலக்கரியை எரித்து மின்சாரம், அந்த மின்சாரத்தால் இன்னும் ஆழத்திலிருந்து நீரை இறைக்கிறார்கள். சிக்கலையும் தீர்வையும் ஒரே கம்பி வழியாக அனுப்பும் ஏற்பாடு.

இங்கேயும் நல்லது நடந்திருக்கிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரோடு அடித்துவரப்பட்ட மண் சேர்ந்து தூர்ந்துபோன ஏரி, சேத்தியாத்தோப்பு பக்கத்து வாலாஜா ஏரி. பல ஆண்டுகள் ஏரி என்ற பெயர் மட்டும் மிச்சமிருந்தது. 2010களில் என்.எல்.சி. செலவிலேயே அது தூர்வாரப்பட்டது. சுரங்க நீர் அங்கே தேங்கி, பாசனத்துக்குப் போகிறது. கெடுத்தவர் செலவில் சீரமைப்பு என்ற கொள்கைக்கு மாவட்டத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் அதுதான். அதே நிறுவனம் 2023 ஜூலையில் பரவனாறு மாற்றுக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் பச்சை நெற்பயிரின்மேல் இயந்திரங்களை இறக்கியதையும் மாவட்டம் மறக்கவில்லை.

புகைக்கும் மருந்து உண்டு. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டைஆக்சைடைச் சுண்ணாம்புக் கரைசலால் கழுவி எடுக்கும் கருவி பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் இந்தியா அதற்கான வரம்பை அறிவித்தது. இரண்டு ஆண்டில் பொருத்தச் சொன்னது. கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. கருவி இல்லாத குறை இல்லை. செலவு யார் தலையில் என்பதுதான் கேள்வி.

சாலையின் மறுமுனையில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, கதை வேறு மாதிரி போகிறது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்தது ஒரு சதுப்புநில மரம். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் போக வேண்டும். 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆர். படகில் போன அதே காடு. கரையோரம் முட்டுக்கொடுத்த வேர்களோடு சுரபுன்னை, உள்ளே வெண்கண்டல். படகில் போகும் சுற்றுலாப் பயணிக்கு அது என்றைக்குமே இப்படித்தான் இருந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் காட்டின் நடுவே பெரும்பரப்பு பொட்டல் உப்பளம்போலக் கிடந்தது.

ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று நெடுங்காலம் பழி இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் மண்ணை அளந்து, பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. 1930களிலிருந்து 1970 வரை வனத்துறை 'அறிவியல் முறை'ப்படி காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா மரத்தையும் மொத்தமாக வெட்டி விற்றது. வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்பது ஐரோப்பியக் காட்டியலின் கணக்கு. சதுப்பு மண் அந்தக் கணக்கைப் படித்ததில்லை. நிழல் போனதும் மண்ணிலிருந்த நீர் ஆவியாகி, தரை தட்டுபோலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தில் வெளியேறாமல் குழியிலேயே தேங்கியது. வெயிலில் அது சுண்டச் சுண்ட உப்பு ஏறியது. கடைசியில் உப்பில் வளரப் பிறந்த கண்டலுக்கே அந்த உப்பு தாங்கவில்லை. மேலணையிலும் மேட்டூரிலும் தடுக்கப்பட்டுக் கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறைந்ததும் சேர்ந்துகொண்டது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாக இருந்தது. நடுவே ஒரு பெரிய கால்வாய். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சின்னக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறும். நாளுக்கு இரண்டு தடவை, மின்சாரம் இல்லாமல், மோட்டார் இல்லாமல், நிலா செய்கிற வேலை. மண்வெட்டியால் வெட்டியவர்கள் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்; பழி சுமந்தவர்களும் அவர்களே. வெண்கண்டல் நட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் இருந்ததைவிட 2000களின் தொடக்கத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மண்வெட்டி செய்ததைச் செயற்கைக்கோள் சரிபார்த்தது. இரண்டும் தொழில்நுட்பம்தான். ஒன்றை மட்டும் அப்படி அழைக்கும் பழக்கம் நமக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டம் 600க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பார்த்து, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, காடு காத்தது என்று எழுதினார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேடாகவும் இருந்ததே போதுமான காரணம் என்று வேறு விஞ்ஞானிகள் அதே புள்ளிவிவரத்தை வைத்து மறுத்தார்கள். மரம் நட்டால் சுனாமி வராது என்று மேடையில் பேசுபவர்கள் இந்த மறுப்பையும் படிப்பது நல்லது. காடு இருந்தால் இறாலும் நண்டும் இருக்கும், கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்கள் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கலாம். காட்டுக்கு இந்தக் காரணமே போதும், சுனாமியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

ஒரே மாவட்டம், ஒரே சாலை. ஒரு முனையில் தீர்வு வேலை செய்தது, மறுமுனையில் இழுத்துக்கொண்டே போகிறது. பிச்சாவரத்தில் மரம் வெட்டுவது முதலில் நின்றது. அதற்குப் பிறகுதான் கால்வாய் வெட்டினார்கள். சிப்காட்டில் கெடுக்கும் வேலையும் சரிசெய்யும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிச்சாவரத்தில் காடு திரும்பினால் எல்லோருக்கும் லாபம்; சிப்காட்டில் காற்று தெளிந்தால் யாரோ ஒருவருக்குச் செலவு. இந்த வித்தியாசத்தை எந்தச் சென்சாரும் அழிக்காது. ஆனால் யார், எப்போது, எவ்வளவு என்று காட்டினால் செலவை யார் தலையில் வைப்பது என்று பேசலாம். அதனால்தான் அளக்கும் கருவி ஆலைக்காரர் கையிலும் வாரியத்தின் கணினியிலும் மட்டும் இருந்தால் போதாது. புகைபோக்கிக் கருவிகளின் எண்களை அந்தந்த ஊராட்சி அலுவலக வாசலில், தமிழில், பலகை வைத்துக் காட்டுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பேருந்து நிலையத்தில் பேருந்து நேரம் காட்டுகிற பலகை போதும்.

அதுவரை வாளிக்கு முந்தைய கருவி எல்லோரிடமும் இருக்கிறது. அடுத்த முறை அந்தச் சாலையில் போகிறவர்கள், கண்ணாடியை இழுத்து மூடுவதற்கு முன் மணியைப் பாருங்கள். எந்த ஊர், காற்று எந்தப் பக்கமிருந்து, வாடை எதைப்போல என்று நாலு வரி குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அனுப்பியதற்கு ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.